நிறுத்தி வைத்த காரில் ஜப்பான் பாட்டு

ஜூன் 9, திங்கள்

ஸ்பீச் தெரபிஸ்ட் ரெஹானா மேடம் சொன்னதால் எழுதுகிறேன். அரசி தினமும் என்ன சொல்கிறாள், எதற்காகச் சொல்கிறாள் என்று குறித்து வைக்க வேண்டுமாம். ரயிலில் டிடிஆராக இருக்கும் நான் பயணிகள் சார்ட்டில் டிக் அடித்ததைத் தவிர வேறெதுவும் எழுதிப் பழக்கமில்லாதவன். இதையும் டூட்டி என்று நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

விவரம்: என் மனைவி மங்கையர்க்கரசி, வயது நாற்பத்தேழு. ஒரகடத்தில் ஜப்பான்காரர்கள் நடத்தும் தொழிற்சாலையில் மொழிபெயர்ப்பாளர். ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் எதிரில் வந்து நின்று, "உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்" என்றாள். அடுத்த வார்த்தை குழறியது. அப்படியே சரிந்துவிட்டாள். மூளையின் இடது பக்கம் ரத்தக்குழாயில் அடைப்பு. வலது கை தூக்க வரவில்லை. வலது காலை இழுத்து இழுத்து நடக்கிறாள். பேச்சு போய்விட்டது. நாம் சொல்வது புரிகிறது, பதில் சொல்லத்தான் வரவில்லை. டூட்டிக்கு நீண்ட லீவு போட்டுவிட்டு, சனிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து பெருங்களத்தூர் வீட்டுக்குக் கூட்டி வந்தேன்.

இன்று சொன்னவை: "அது." தண்ணீருக்கும் அது, பாத்ரூமுக்கும் அது, ஃபேனுக்கும் அது.

ஜூன் 10, செவ்வாய்

என் தலையணையை அவள் அறைக்குக் கொண்டு போனேன். நாலு வருடமாக நான் ஹாலில்தான் படுக்கிறேன். டூட்டி முடிந்து நேரங்கெட்ட நேரத்தில் வருகிறவன், அவள் தூக்கம் கெடக் கூடாதென்றுதான். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

வாஷிங் மெஷினில் எந்தப் பட்டனை அமுக்குவது என்று தெரியாமல் எல்லாவற்றையும் அமுக்கினேன். புடவையெல்லாம் நைட்டியின் நீலத்தைக் குடித்துவிட்டது. அவளிடம் காட்டினேன். "அது" என்றாள். திட்டுகிறாள் என்று தெரிந்தது.

ஜூன் 14, சனி

குளிப்பாட்டுவது, உடுத்திவிடுவது, சோறு பிசைந்து வைப்பது, கைக்குப் பயிற்சி, காலுக்குப் பயிற்சி, மாத்திரை, மறுபடி சோறு. நடுவில் உட்கார்ந்தால் அப்படியே தூங்கிவிடுகிறேன். ஓடுகிற ரயிலில் ஒவ்வொரு பெட்டியாக நடந்தபோதுகூட இப்படிக் கால் வலித்ததில்லை.

பழக்கமான பாட்டுகளைப் போட்டுக் காட்டச் சொன்னார் ரெஹானா மேடம். பேச்சு வராதவர்களுக்குச் சில சமயம் பாட்டு வருமாம். எங்கள் கல்யாணத்தின்போது ஊரெல்லாம் ஒலித்த பாட்டுகளைத் தேடிப் பிடித்துப் போட்டேன். அரசி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

இன்று சொன்னவை: "அது", "இல்ல".

ஜூன் 17, செவ்வாய்

மகள் சாருமதி கோயம்புத்தூரிலிருந்து போன் செய்தாள். அங்கே ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். பாட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"அப்பா, அம்மா எங்கப்பா தமிழ்ப் பாட்டு கேக்கறா? கார்ல போறப்ப வர்றப்ப எல்லாம் ஜப்பான் பாட்டுதான். உனக்குத் தெரியாதா?"

அந்தக் காரில் நான் ஏறியதே நாலைந்து முறைதான் இருக்கும். அவள் வேலைக்குப் போவதற்காக அவளே வாங்கிய கார். எனக்கு ஓட்டவும் தெரியாது.

ஜூன் 22, ஞாயிறு

இன்று நடந்ததை முழுதாக எழுத வேண்டும்.

கார் நின்றுகொண்டே இருந்தால் பேட்டரி போய்விடும், அவ்வப்போது ஸ்டார்ட் செய்யுங்கள் என்று அபார்ட்மென்ட் செயலாளர் சொல்லிக்கொண்டே இருந்தார். நடைப்பயிற்சியும் ஆச்சு என்று அரசியை லிஃப்டில் கீழே அழைத்துப் போனேன். இடது பக்கக் கதவைத் திறந்து உட்காரச் சொன்னால் மாட்டேன் என்று நிற்கிறாள். "இல்ல, இல்ல" என்று சுற்றிக்கொண்டு போய் டிரைவர் சீட்டின் கதவில் கை வைத்தாள். சரி என்று அங்கேயே உட்கார வைத்து, காலை உள்ளே தூக்கி வைத்துவிட்டு, நான் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டேன். இடது கையை ஸ்டியரிங்மேல் வைத்துக்கொண்டு எதிரே இருந்த சுவரைப் பார்த்தாள். நான் எட்டிச் சாவியைத் திருப்பினேன்.

உடனே பாட்டு ஆரம்பித்தது. பாதியில் விட்ட இடத்திலிருந்து. பியானோ, பிறகு ஒரு பெண் குரல். சத்தமில்லாமல், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல ஒரு குரல். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை.

அரசியின் தோள் குலுங்கியது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, துடைத்துக்கொள்ளவும் இல்லை. பயந்துபோய் நிறுத்தப் போனேன். என் கையைத் தட்டிவிட்டாள். அப்புறம் வாயைத் திறந்தாள்.

பாடினாள். "அது" இல்லை, "இல்ல" இல்லை. முழு வரி. அதற்கடுத்த வரி. ஒரு எழுத்துகூடத் தடுக்காமல் அந்தப் பெண்ணோடு சேர்ந்து கடைசிவரை பாடினாள். மூக்கு ஒழுக ஒழுகப் பாடினாள்.

பாட்டு முடிந்ததும், "அரசி, இப்ப என்ன பாடின?" என்று கேட்டேன்.

"அது" என்றாள்.

மறுபடி போட்டேன். காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறேன்: காஸா ஓ வாசுரெத்தா, எகி நி வாசுரெத்தா. தோரி நி வா இகநை.

ஜூன் 24, செவ்வாய்

ரெஹானா மேடம் காரிலேயே வந்து உட்கார்ந்து கேட்டார். பின் சீட்டில் இருந்தவர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "பேச்சு மூளையோட இடது பக்கத்துல இருக்கு சார். பாட்டு வலது பக்கத்துலயும் இருக்கு. அந்தப் பக்கம் இவங்களுக்கு நல்லாத்தான் இருக்கு. இந்த வழியாவே உள்ள போகலாம்."

"ஒவ்வொரு தடவையும் அழறாங்களே மேடம். விட்டுடலாமா?"

"ஸ்ட்ரோக்னால அழறாங்களா, பாட்டுக்காக அழறாங்களான்னு எனக்குத் தெரியல. ஆனா பாடறாங்க. நீங்களும் கூடவே பாடுங்க. பாடும்போது அவங்க இடது கையில தாளம் தட்டுங்க."

நான் பாடுவதா? ரயிலில் "டிக்கெட், டிக்கெட்" என்பதுதான் என் ராகம்.

ஜூலை 1, செவ்வாய்

தினமும் சாயங்காலம் காரில் உட்காருகிறோம். கிளம்பாத காரில் புருஷன் பெண்டாட்டி உட்கார்ந்து அழுது பாடுவதை வந்து போகிறவர்கள் குனிந்து பார்க்கிறார்கள். முதலில் கூச்சமாக இருந்தது. இப்போது கூச்சப்படவும் தெம்பில்லை.

எனக்கு இரண்டு வரி வந்துவிட்டது. "இகநை" என்பதை நான் இழுத்த இழுப்பில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனதற்குப் பிறகு இப்போதுதான் சிரிக்கிறாள். நான் பாடி அவள் சிரித்து எத்தனை வருடம் என்று யோசித்தேன். அப்படி ஒரு நாள் நினைவுக்கு வரவில்லை.

இன்று சொன்னவை: "அது", "இல்ல", "போதும்". போதும் என்பது இட்லிக்கு.

ஜூலை 6, ஞாயிறு

சாருமதி வந்திருந்தாள். பின் சீட்டில் உட்கார்ந்து கேட்டாள். அவளும் அழுதாள். "அர்த்தம் தெரியலன்னாலும் என்னமோ பண்ணுதுப்பா" என்றாள். எனக்கு ஒன்றும் பண்ணவில்லை. பாட்டு நடக்கும்போது அரசியின் கால் வீங்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாரு இரண்டு நாளைக்கு சாம்பார் வைத்துவிட்டுப் போனாள்.

ஜூலை 13, ஞாயிறு

அரசியோடு வேலை செய்யும் ஹோசோயா என்ற ஜப்பான் அம்மாள் பார்க்க வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். மூன்று வருடமாகச் சென்னையில் இருக்கிறார். இங்கிலீஷோடு கொஞ்சம் தமிழும் கலந்து பேசினார். வாசலிலேயே "அராஷி சான்!" என்றார். சான் என்பது பேரோடு மரியாதைக்குச் சேர்ப்பதாம். ஜப்பான்காரர்கள் வாயில் அரசி அப்படித்தான் வருமாம், அவர்கள் மொழியில் அதற்குப் புயல் என்று அர்த்தமாம். ஆபீஸில் இவளைப் புயல் என்றுதான் கூப்பிடுகிறார்கள் என்று எனக்கு இன்றுதான் தெரியும்.

அவரைப் பார்த்ததும் அரசி தலையைக் குனிந்து "ஹை" என்றாள். ஆமாம் என்று அர்த்தமாம். அவர் ஏதோ கேட்கக் கேட்க, "ஹை, ஹை" என்கிறாள். சின்னச் சின்ன வார்த்தைகள் இன்னும் இரண்டு வந்தன. எனக்கு "அது" என்றவள்.

கீழே போய்ப் பாட்டைப் போட்டேன். ஹோசோயா அம்மாள் கைக்குட்டையை எடுத்துக்கொண்டார். அழுகைப் பாட்டு என்றே அங்கே ஒரு வகை உண்டாம். அழுவதற்கென்றே உட்கார்ந்து கேட்பார்களாம். அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு மறுபடி வேலைக்குப் போவார்களாம்.

அர்த்தம் கேட்டேன். வரி வரியாகச் சொன்னார். ஒரு பெண் ஒரு ஊரை விட்டுப் போகிறாள். ரயில் நிலையத்தில் குடையை மறந்து வைத்துவிடுகிறாள். எடுத்து வைத்திருக்கிறோம், வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று நிலையத்திலிருந்து சொல்லியும் அவள் போகவில்லை. வாங்கிவிட்டால் அந்த ஊருக்குத் திரும்பிப் போக ஒரு காரணமும் மிஞ்சாதே என்று விட்டுவைக்கிறாள். அவ்வளவுதான் பாட்டு.

"எங்க ரயில்லயும் நிறைய குடை கிடைக்கும்" என்றேன்.

மேலே வந்து காபி குடிக்கும்போது, அரசி குளியலறையில் இருந்தாள், ஹோசோயா அம்மாள் மெதுவாகச் சொன்னார். ஜப்பானில் நகோயாவில் இருக்கும் தலைமை ஆபீஸ் வேலையை அரசிக்காக ஆகஸ்ட் கடைசிவரைதான் நிறுத்தி வைக்க முடியுமாம். அவள் தேர்ந்தெடுத்த ஃப்ளாட்டைத் திருப்பிக் கொடுத்தாயிற்றாம். ஒருத்தர் தங்குகிற சின்ன ஃப்ளாட்தான், ஆனால் ஜன்னலில் ஆறு தெரியும், அராஷி சானுக்கு மிகவும் பிடித்திருந்தது என்றார். "உங்களுக்கும் வருத்தமாக இருக்கும்."

"ஆமாம்" என்றேன். எல்லாம் தெரிந்தவன்போலத் தலையாட்டினேன்.

ஜூலை 14, திங்கள்

சாருவுக்குப் போன் செய்தேன்.

"நகோயா விஷயம் உனக்குத் தெரியுமா?"

"தெரியும்ப்பா. அம்மா தானே உன்கிட்ட சொல்றேன்னு சொன்னா. கீழ விழுந்த அன்னிக்கு ஞாயித்துக்கிழமை அதைத்தான் சொல்ல வந்திருப்பா."

"எத்தனை வருஷத்துக்கு?"

"முதல்ல ரெண்டு வருஷம். அப்புறம் பாக்கலாம்னா."

"சரிம்மா, சாப்பிட்டியா?"

கத்தரிக்காய் வாங்கினேன். எல்லாம் முற்றல்.

ஜூலை 15, செவ்வாய்

கார் பேட்டரி டவுன். பாட்டு இல்லை. ரெஹானா மேடம் இந்த வாரம் ஊரில் இல்லை.

ஜூலை 17, வியாழன்

மெக்கானிக்கைக் கூப்பிட நேரமில்லை. அடுப்பு மேடையைத் தேய்த்துக் கழுவினேன். பரண்மேல் இருந்த சாமானெல்லாம் இறக்கித் துடைத்து ஏற்றினேன். இடுப்பு விட்டுப்போயிற்று.

ஜூலை 19, சனி

சாயங்காலம் அரசி தானே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். இடது கையில் கார் சாவி. பேட்டரி இல்லை என்றேன். நின்றுகொண்டே இருந்தாள். "பேட்டரி இல்லன்னா இல்லதான், நான் என்ன பண்றது?" என்று கத்திவிட்டேன். சாவியை ஷூ ஸ்டாண்டின்மேல் வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

இன்று சொன்னவை: ஒன்றுமில்லை.

ஜூலை 22, செவ்வாய்

"என்ன சார், இந்த வாரம் வார்த்தை குறைஞ்சிருக்கே?" என்றார் ரெஹானா மேடம்.

"பேட்டரி போயிடுச்சு மேடம்."

"அதனால என்ன? போன்ல தேடினா அந்தப் பாட்டு கிடைக்குமே. பெட்ரூம்லயே போட்டிருக்கலாமே."

எனக்குத் தோன்றவில்லை என்றேன். அரசி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோன்றவில்லை என்றுதான் மறுபடியும் சொன்னேன்.

மேடம் போகும்போது லிஃப்ட் அருகே நின்று சொன்னார்: "சார், இப்ப திறந்திருக்கிற கதவு ரொம்ப நாள் திறந்திருக்காது. முதல் ஆறு மாசம் ரொம்ப முக்கியம். நீங்க களைச்சுப் போயிருக்கீங்கன்னு தெரியுது. ஒரு ஆளை வச்சுக்கங்க. ஆனா நிறுத்திடாதீங்க."

ஜூலை 23, புதன்

மெக்கானிக் வந்தார். வேலை சீக்கிரமே முடிந்துவிட்டது. பழைய பேட்டரி, மாற்ற வேண்டியிருந்தது. காலையில் வந்து ஒத்தாசை செய்ய விஜயா என்று ஒரு அம்மாவை ஏற்பாடு செய்தேன்.

சாயங்காலம் காரில் உட்கார்ந்தோம். அவள் பாடினாள். நான் கையில் தட்டினேன். இப்போது அர்த்தம் தெரிந்துவிட்டதால் ஒவ்வொரு வரிக்கும் குடை கண்முன் வந்து நிற்கிறது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

ஜூலை 29, செவ்வாய்

அடுத்த கட்டம். அதே மெட்டில் ஜப்பான் வார்த்தையை எடுத்துவிட்டுத் தமிழ் வாக்கியத்தை வைக்க வேண்டும். "தண்ணி வேணும்" என்று ரெஹானா மேடம் பாடிக் காட்டினார். அழுகிற பாட்டில் தண்ணி வேணும் என்றால் கேட்கக் கண்றாவியாக இருக்கிறது. அரசி மூன்று முறை தடுமாறி நாலாவது முறை பாடினாள். நான் ஓடிப் போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன். தாகமில்லாமலே முழுவதையும் குடித்தாள்.

"அவங்களுக்குச் சொல்லணும்னு இருக்கிற வாக்கியமா எடுங்க சார். நமக்குக் கேக்கணும்னு இருக்கிறது வேண்டாம். அவங்களுக்கு எது முக்கியமோ, அது" என்றார்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

"பாத்ரூம் போகணும்." "வலிக்குது." "டிவியை நிறுத்து." மூன்றும் வந்துவிட்டன. டிவியை நிறுத்தச் சொல்லும்போது மெட்டே தேவைப்படவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

நாள் முழுக்க மழை. பார்க்கிங்கில் யாரும் இல்லை. பாட்டை ஒரு முறை கேட்டோம். அழுதாள், துடைத்துவிட்டேன். பிறகு பாட்டை நிறுத்திவிட்டு அவள் இடது கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"இன்னைக்கு ஒரு புது வாக்கியம்" என்றேன்.

தட்டிக்கொண்டே பாடினேன். அந்தப் பெண் குடையை எடுக்கப் போகமாட்டேன் என்கிற வரியின் மெட்டு. என் குரல் கேவலமாக இருந்தது.

"நான் நகோயா போகணும்."

அவள் கை விறைத்துக்கொண்டது. திரும்பி என்னைப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்து நான் பார்த்ததில்லை. திருட்டுத்தனமாக ஏறிய பயணிகள் பார்ப்பார்கள் அப்படி. அதில் நான் சந்தோஷப்பட ஒன்றும் இல்லை. உன்மேல் கோபமில்லை என்று சொல்ல நினைத்தேன். அது உண்மையா என்று தெரியாததால் சொல்லவில்லை.

மறுபடி பாடினேன். மறுபடியும். மூன்றாவது முறை அவள் உதடு கூடவே அசைந்தது. "நான்... ந... ந..." நான் தட்டிக்கொண்டே இருந்தேன். "நகோ... யா..." அப்புறம் என்னை விட்டுவிட்டு அவளே பாடினாள். முழுசாக. ஒருமுறை மெட்டோடு. அடுத்த முறை மெட்டில்லாமல், எதிரே இருந்த சுவரைப் பார்த்து, சாதாரணமாகப் பேசுகிறவள்போல.

"நான் நகோயா போகணும்."

"சரி" என்றேன்.

அவள் நிறுத்தவில்லை. வாயைத் திறந்து மூடினாள். நெற்றியெல்லாம் வேர்த்தது. இன்னும் ஏதோ வருகிறது என்று தெரிந்தது. நான் தட்டவில்லை, பாடவில்லை. எதைப் பாடுவது? என்ன வரப் போகிறதென்று எனக்குத் தெரியாது. ரொம்ப நேரம் ஆனது. வெளியே மழை சத்தம்.

"தனியா" என்றாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ரெஹானா மேடத்துக்கு ஒரே சந்தோஷம். "யாரும் சொல்லிக் கொடுக்காம, மெட்டு இல்லாம, அவங்களா தேடிப் பிடிச்ச முதல் வார்த்தை சார் இது! இனிமே வரும் பாருங்க. என்ன வார்த்தை சொன்னாங்க?"

சொன்னேன்.

"எவ்வளவு அழகான வார்த்தை" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பையில் எதையோ தேட ஆரம்பித்தார்.

எனக்கும் சந்தோஷம்தான். அதையும் எழுதி வைக்கிறேன். அந்த வார்த்தைக்காக அவள் பட்ட பாட்டைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

திரும்பி வருவாயா என்று கேட்கவில்லை. அதையும் மெட்டில் போட்டுப் பார்க்கலாம் என்று ஒரு முறை தோன்றியது. போடவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஹோசோயா அம்மாள் வந்தார். அந்த வேலைக்கு வேறு ஆள் போட்டாயிற்று. அரசியிடம் அவரே சொன்னார். அவள் அழவில்லை. "பரவால்ல. பாக்கணும்" என்றாள். வேலை இல்லாவிட்டாலும் அந்த ஊரைப் பார்க்க வேண்டும். அந்த அம்மாள் நவம்பரில் விடுமுறைக்கு நகோயா போகிறார். தன் வீட்டில் ஒரு மாதம் வைத்துக்கொள்வதாகச் சொன்னார். டாக்டரும், போகலாம், துணைக்கு ஆள் இருந்தால் போதும் என்றுவிட்டார்.

பாஸ்போர்ட்டைத் தேட வேண்டியிருக்கவில்லை. அவளுடைய பீரோவில் மேல் தட்டிலேயே இருந்தது.

நான் அடுத்த வாரம் டூட்டியில் சேருகிறேன். விஜயாம்மா பகலெல்லாம் இருப்பார்.

அக்டோபர் 26, ஞாயிறு

அரசி ஊன்றுகோலோடு தனியாக லிஃப்டில் கீழே போய், காரில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டுவிட்டு வந்தாள். என்னைக் கூப்பிடவில்லை. பால்கனியில் நின்று துணி மடித்துக்கொண்டிருந்தேன். மேலே வந்தவளின் கண் சிவந்திருந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "பசிக்குது" என்றாள்.

நவம்பர் 11, செவ்வாய்

ஏர்போர்ட்டுக்கு நானும் சாருவும் போனோம். ஹோசோயா அம்மாள் முன்னாலேயே வந்து காத்திருந்தார். சக்கர நாற்காலி ஏற்பாடு செய்திருந்தார்கள். அரசி வேண்டாம் என்று கோலை ஊன்றி நடந்தாள். பச்சைச் சால்வை, புது ஷூ. லேஸ் இல்லாத ஷூவாகப் பார்த்து சாரு வாங்கிக் கொடுத்தது.

வாசலுக்கு மேல் எங்களை விடமாட்டார்கள். மாத்திரை எந்தப் பையில், எந்த வேளைக்கு எது என்று ஹோசோயா அம்மாளிடம் மறுபடியும் சொன்னேன். அவர் பொறுமையாக மறுபடியும் கேட்டுக்கொண்டார். சாரு கட்டிப் பிடித்து அழுதாள். அரசி அவள் தலையைத் தடவிக் கொடுத்தாள். என் பக்கம் திரும்பினாள். நான் சட்டைப் பையிலிருந்த பேனாவைச் சரிசெய்துகொண்டேன். ஏதோ சொல்ல முயற்சி செய்கிறாள் என்று தெரிந்தது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் அவசரப்பட்டார்கள். இருங்க சார், பேசறாங்க, என்று அவர்களிடம் சொன்னேன்.

"காஸ்... மூடினீங்களா?"

"மூடிட்டேன்."

நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. "போய்ப் பாருங்க" என்றாள். பிறகு கோலை ஊன்றிக்கொண்டு உள்ளே போனாள். திரும்பிப் பார்த்தாளா என்று தெரியாது. அதற்குள் நான் சாருவின் கையைப் பிடித்துக்கொண்டு ரயிலுக்கு வேகமாக நடந்துகொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குப் போனேன். ரெகுலேட்டர் திறந்துதான் இருந்தது. மூடினேன். ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டேன். சாரு டீ போடட்டுமா என்று கேட்டாள். கொஞ்ச நேரம் போகட்டும் என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.